துணைக்கு ஒரு பையன்

கோடியக்கரையில் முதலில் கண்ணில் பட்டது கடல் அல்ல, சேறு. வங்கக் கடல் ஒரு சாம்பல் கோடாக எங்கோ தள்ளிக் கிடந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் பளபளவென்று சேறு, அதன் மேல் கொக்குகள். நான் குளச்சல் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் கடல் பாறையில் வந்து மோதும் சத்தம் வீட்டுக்குள் படுத்திருந்தாலும் காதில் விழும். அலையும் இல்லை, சத்தமும் இல்லை, காலைக் கழுவக்கூட லாயக்கில்லை. இதைக் கடல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இவர் ஈரோட்டுக்காரர். யாருமே இல்லாத ஒரு கடற்கரையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடக்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து இவருடைய ஆசை. மாமனார் ஊரில் அதற்கு வழியே கிடையாது. விடியற்காலையில் மீன் ஏலம், மதியம் வலை பழுது பார்ப்பவர்கள், சாயங்காலம் பந்தாடும் பையன்கள். யார் மகள் யாரோடு நடந்துபோகிறாள் என்பது நாங்கள் வீடு திரும்புவதற்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆளில்லாத கரை என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒன்று சுழல் இருக்கும், இல்லாவிட்டால் யாராவது செத்திருப்பார்கள். ஈரோட்டுக்காரருக்கு இது புரியாது. அவருக்குக் கடல் என்றால் காலண்டர் படம், கோடியக்கரை என்றால் கல்கி. பூங்குழலி நட்டநடு ராத்திரியில் தன்னந்தனியாகப் படகு விட்டுக்கொண்டு போவாள், ஒரு பயமும் இருக்காது. எழுதியவர் ஆண் அல்லவா.

வேதாரண்யத்தைத் தாண்டினால் அகத்தியம்பள்ளி, சாலையோரமெல்லாம் உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த மண் என்பதால் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இறங்கவில்லை. இறங்கியது கோடியக்காட்டில், குழகர் கோயிலில். அதுவும் என் வற்புறுத்தலால்தான்.

அங்கே கோயில்காரர் ஒருவர் கேட்காமலே கதையை ஆரம்பித்தார். சுந்தரர் தம் தோழர் சேரமான் பெருமாளோடு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கோயிலைச் சுற்றி ஒரு குடியிருப்புகூட இல்லை, கடற்காற்று வீசி அடிக்கிறது. அவருக்கு மனசு தாங்கவில்லை. இந்தக் கரையில் இப்படித் தனியாகக் கிடக்கிறீரே, உமக்கு யார் துணை என்று சிவனையே பார்த்துக் கேட்டு ஒரு பதிகம் பாடிவிட்டார். ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பொன் வேண்டும், பரவையிடம் தூது போக வேண்டும், போன கண் திரும்ப வேண்டும் என்று சிவனிடம் கேட்டே பழகியவர் சுந்தரர். அவர் சிவனுக்காகக் கவலைப்படுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

“பக்கத்துலதான் அம்பாள் இருக்காங்களே. அப்புறம் என்னங்க தனிமை?” என்றார் இவர்.

கோயில்காரர் சிரித்தார். “அதையும் கேட்டுட்டாரே சார். இது பெருங்காடு, பொந்துல ஆந்தையும் கூகையும் அலறுது, அம்மா பயப்பட மாட்டாங்களான்னு.”

அம்மன் பெயர் மையார் தடங்கண்ணி. பெயருக்கேற்ற கண்தான், அபிஷேக எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரைக்கு வந்த ஓர் ஆணுக்கு, கூட இருக்கிறவள் பயப்படுவாளே என்று தோன்றியிருக்கிறது. அர்ச்சனைத் தட்டில் இன்னொரு பத்து ரூபாய் சேர்த்து வைத்தேன்.

கரைக்கு வந்ததும் இவருக்கு உற்சாகம் தாளவில்லை. தெற்கே நேராக இறங்கிவரும் சோழநாட்டுக் கடற்கரை இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. யாழ்ப்பாணக் கரை இங்கிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் திருப்பத்தை நடந்தே பார்த்துவிட வேண்டும் என்று இவர் முன்னால் போக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். தூரத்தில் ஒரு மட்டக்குதிரை சேற்றுக்குள் முழங்கால்வரை நின்றுகொண்டு எங்களையே பார்த்தது. முன்னொரு காலத்தில் யாரோ வளர்த்து விட்டுப்போனவற்றின் வாரிசு, இப்போது யாருக்கும் சொந்தமில்லை. பிடரிமயிரில் நாயுருவி முள் சடைசடையாக ஒட்டியிருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். இவர் அதைச் ‘சுதந்திரம்’ என்றார். எனக்குப் பசி தெரிந்தது.

அப்புறம் சேற்றைப் பற்றிச் சண்டை. “இது காவிரி வண்டல். எங்க ஊர் வழியா வந்ததாத்தான் இருக்கும்” என்று பெருமையாக ஒரு கை அள்ளிக் காட்டினார். மேட்டூரில் 1934இல் அணை கட்டிய பிறகு உங்கள் ஊருக்கே வண்டல் ஒழுங்காக வருவதில்லை, இங்கே எங்கிருந்து வரும் என்று கேட்டேன். கோபம் வண்டல் மேல் இல்லை. ஒரு மணி நேரமாக இவர் கடலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார், நான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே நடக்கிறேன், அது இவர் கண்ணில் படவில்லை என்பதுதான். இதை வாய்விட்டுச் சொன்னேன். “யாருமே இல்லாத இடத்துல என்ன பயம்?” என்றார். யாருமே இல்லை என்பதுதான் பயம் என்பதை ஈரோட்டுத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் மொபெட் சத்தம். ஈர மணலில் இரண்டு ஆண்கள், கைலியும் தலைத்துண்டுமாக, நேராக எங்களை நோக்கி. நான் தாலியை எடுத்துச் சுடிதாருக்கு வெளியே போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டேன். இவர் அவர்களைப் பார்த்துக் கையாட்டினார்!

“அங்கிட்டுப் போவாதீங்க சார், இடுப்பு வரைக்கும் வாங்கிரும்” என்றார் ஓட்டி வந்தவர். “ஆத்தா பாத்துக்கிட்டே இருந்துச்சு. கூட்டியாரச் சொல்லுச்சு.” பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்ளும் புதைசேறு இந்தப் பக்கத்தில்தான். ஐந்து பாகத்தையும் படித்த மனிதர் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அன்று பயந்ததற்கு இன்றும் வருந்தவில்லை. அடுத்த முறையும் சாவி கையில்தான் இருக்கும்.

ஆத்தா இருந்தது கீற்றும் தார்ப்பாயும் போட்ட ஒரு கொட்டகையில். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மீன் பாடு இங்கே இருப்பதால், நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களிலிருந்து படகும் வலையும் பாத்திரமுமாக வந்து தங்குகிறார்கள். பருவம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் ஆளில்லை என்று நினைத்த கரையில், சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவே இருந்தது. வாளை மீன் கொடியில் வரிசையாகக் காய்ந்தது. ஆத்தா காலை நீட்டி உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். கொடுக்கை ஒரு விரலால் மடக்கிப் பிடித்து, நரம்பு அறாமல் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேகத்தைப் பார்த்தால் நண்டே ஒத்துழைக்கிறது என்று தோன்றும்.

“எங்கேருந்து வர்றிய?”

சொன்னோம்.

“யாருக்குத் திதி?”

இவருக்கு விளங்கவில்லை. இந்தக் கடலை ஆதிசேது என்பார்கள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் முழுக்குப் போடக் கூட்டம் அலைமோதும். “தை அமாவாசதான் போயிருச்சே, இப்ப யாருக்கு?” என்று ஆத்தா மறுபடியும் கேட்டார். இவருடைய அப்பா ஈரோட்டில் அந்த நேரம் வாக்கிங் போய்க்கொண்டிருந்திருப்பார்.

“திதியெல்லாம் இல்ல ஆத்தா. சும்மா கடல் பாக்க வந்தோம்.”

“ரெண்டு பேருமா? புள்ளைவொ வரல? அம்மா அப்பா?”

“நாங்க மட்டும் இருக்கலாம்னு...” என்று இவர் இழுத்தார்.

அந்தக் கிழவியின் முகத்தில் வந்த இரக்கத்தை நான் மறக்க மாட்டேன். வீட்டில் யாரோடோ மனஸ்தாபம், கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டார். “சரி, மொதல்ல சாப்புடுங்க. எல்லாம் சரியாப் போவும்” என்றார். இவர் மறுத்து விளக்க வாயெடுத்தார். நான் காலை மிதித்தேன். குழம்பு கொதிக்கும் வாசனை வந்துவிட்டது.

அலுமினியத் தட்டில் சுடுசோறு, அதன் மேல் நீலக்கால் நண்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் தேங்காய் அரைக்காமல் நண்டு இறங்காது. தேங்காயே இல்லாத நண்டுக் குழம்பு என்றால் என் அம்மா பாத்திரத்தை மூடிவைத்துவிடுவாள். இங்கே புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், இடித்த பூண்டு, அவ்வளவுதான். நண்டு காலையில் கடலில் இருந்தது, வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஓட்டை உடைக்கத் தெரியாமல் இவர் தட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஆத்தா பார்த்துப் பொறுக்காமல் கொடுக்கை வாங்கித் தம் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்து, சதையை உருவி இவர் தட்டில் போட்டார். எச்சில் என்றால் டம்ளரைக்கூடத் தனியாக வைக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் சாப்பிட்டார். இரண்டாம் கொடுக்கைத் தாமாகவே நீட்டினார்.

கஜா பற்றிக் கேட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் அந்தப் புயல் கரை ஏறியது. சரணாலயத்தில் மரங்கள் சாய்ந்தன, மானும் குதிரையும் செத்தன. ஆத்தா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “காத்துன்னா காத்து. கூட ஆளுவொ இருந்தாவொ, இருந்துட்டோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த நண்டை எடுத்தார்.

வெயில் தாழ்ந்ததும் இவர் மெல்ல எழுந்து, கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றார். “தனியாவா?” என்று கேட்ட ஆத்தா எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “டேய், இவங்களுக்குத் துணைக்குப் போடா” என்று குரல் கொடுத்தார். டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்டு வயது மதிக்கத்தக்க பேரன் வந்து நின்றான்.

கடைசியில் அந்தக் கரையில் நாங்கள் மூன்று பேராக உட்கார்ந்தோம், நடுவில் பையன். ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. எந்தச் சேறு இழுக்கும், எது இழுக்காது, நரி எந்தப் பக்கம் வரும், பாலைப் பழம் எப்போது பழுக்கும், அதைத் தின்றால் உதடு எப்படி ஒட்டும், பள்ளிக்கூடத்தில் தன்னை ஏன் மாதக்கணக்கில் காணோம் என்று சார் தேடுவது, எல்லாம். நான் அன்று முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன். அமைதியைத் தேடி முந்நூறு கிலோமீட்டருக்குமேல் வந்த இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பையன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“மாமா ஏன் பேச மாட்டேங்குறாவொ? இன்னும் கோவம் தீரலையா?” என்று என்னிடம் கேட்டான்.

“தீந்துரும்” என்றேன்.

“ஃபோன்ல கேம் இருக்கா?”

இவர் எதுவும் சொல்லாமல் ஃபோனை எடுத்து, பூட்டைத் திறந்து அவனிடம் கொடுத்தார்.