இல்லத்துக் கணினியும் கடவுச்சொல்லும்

'கடவு' என்பது வழி. கடந்து செல்லும் வாயில். நாட்டின் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு உதவுவது போலக் கணினியின் வாயிலைக் கடக்கக் கடவுச்சொல் உதவுகிறது. புதுச்சொல்லே ஆயினும் தமிழின் இயல்போடு அது பொருந்தி நிற்கிறது. எனினும், ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடையே அச்சொல்லுக்கு வேலை உண்டோ?

2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதியமான் ஆண்ட தகடூர் மண்ணாகிய நம் தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ எளிய இல்லங்களுக்குள் கணினி புகுந்தது அவ்வாறுதான். மாணவர் பெயரால் வந்த கருவி விரைவில் குடும்பத்தின் பொதுப்பொருளாயிற்று. எங்கள் கூட்டுக் குடும்பமும் அதற்கு விலக்கன்று. அண்ணன் மகள் பெற்றுவந்த மடிக்கணினியில் அவள் பாடம் படித்தாள், அண்ணன் கடைக்கணக்கு எழுதினார், சிறுவர் விளையாடினர், நான் என் மாணவர்தம் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிந்துவந்தேன்.

ஒருநாள் அவள் தன் நாட்குறிப்பு நிரலுக்குக் கடவுச்சொல் இட்டாள். என் தாயார் மனம் வருந்தினார். "ஒரே வீட்டில் பூட்டு எதற்கம்மா? நாங்கள் என்ன அந்நியரா?" என்றார். "பூட்டு இல்லை நன்னிமா, திரைதான்" என்றாள் அவள்.

கணினியில் கடவுச்சொல் பிறந்த வரலாறும் ஒரு கூட்டுக் குடும்பக் கதையே. 1961ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரின் குழு, ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது. அவரவர் கோப்பு அவரவர்க்கே உரியதாக இருத்தல் வேண்டி, ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் நேர்ந்த ஒரு குளறுபடியால் அக்கோப்பு முழுவதும் உள்ளே நுழைந்த அனைவர் திரையிலும் தோன்றியது! பூட்டு பிறந்தபோதே அதன் குறையும் உடன்பிறந்தது எனலாம்.

அக்குறையை அறிதல் நமக்கும் நலம். எளிய நிரல்கள், நாம் தட்டும் சொல்லைத் தம்முள் எழுதிவைத்த சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தே வழிவிடுகின்றன. அச்சொல் மூடுதிரையின்றி ஒரு கோப்பில் கிடக்குமாயின், அக்கோப்பைத் திறந்து படிப்பவர் எவரும் அதனை அறிந்துகொள்வர். ஆதலின் நல்ல நிரல்கள் சொல்லை வைத்துக்கொள்வதில்லை. அதனை அரைத்துப் பெற்ற கணக்கு விளைவை மட்டுமே வைத்துக்கொள்கின்றன. கேழ்வரகை மாவாக்கலாம், மாவை மீண்டும் கேழ்வரகாக்க இயலாதன்றோ!

மேலும், நிரலைப் பூட்டுவது வேறு. கோப்பைப் பூட்டுவது வேறு. நிரலை மட்டும் பூட்டினால் அதன் கோப்பை வேறொரு நிரல்வழித் திறந்துவிடலாம். தெருக்கதவைத் தாழிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைப்பது போன்றது அது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பயனர் கணக்கு அமைத்து, மேலாளர் உரிமையைப் பெரியவர் ஒருவரிடம் வைத்திருப்பதும், அருமையான கோப்புகளை மறையாக்கம் செய்வதுமே சீரிய வழி. எங்கள் இல்லத்தில் அவ்வாறே செய்தோம்.

என் தாயாரின் வருத்தம் தீர்ந்தது வேறொன்றால். பிறர் இல்லம் புகுமுன் இசைவு பெற்றுச் சலாம் உரைக்குமாறு பணிக்கும் திருக்குர்ஆன், வீட்டினுள்ளேயும் மூன்று வேளைகளில் சிறுவர் இசைவு கேட்டே நுழைய வேண்டும் என்கிறது. இளமையில் எங்களுக்கு இதனைக் கற்பித்தவர் அவரேயாவார். நினைவூட்டியதும் புன்னகைத்தார், பேத்தியின் திரையை ஏற்றுக்கொண்டார்.

என் கோப்பில் மதிப்பெண்கள் மட்டும் இல்லை. தந்தையை இழந்து, வார இறுதியில் கூலிவேலைக்குச் செல்லும் மாணவர் ஒருவர் வகுப்புக்கு வர இயலாமைக்குக் காரணம் எழுதிய மடலும் அதில் உண்டு. என்னை நம்பி அவர் உரைத்ததை என் வீட்டார் படித்தல் முறையாகாது. வீட்டார்மீது ஐயம் கொண்டு நான் அதனைப் பூட்டவில்லை; அம்மாணவரின் மானம் காக்கவே பூட்டினேன். கடவுச்சொல்லைக் கேளாதிருத்தலும் அன்பின் ஒரு வடிவமே.