எட்டாவது ஃபின்ஜான்

ஏழாவது ஃபின்ஜான் வரை எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணம் அது. நாலைந்தைக் கவிழ்த்தால்தான் நம் டபரா ஒன்று நிறையும். அதிலும் அடியில் கொஞ்சம்தான் காப்பி ஊற்றுவார்கள். சர்க்கரை கிடையாது, ஏலக்காய் மணக்கும். கசப்புக்குத் துணையாகப் பேரீச்சம்பழம். காலிக் கிண்ணத்தை நீட்டினால் ‘இன்னும் ஊற்று’ என்று பொருள். போதுமென்றால் கிண்ணத்தை இரண்டு ஆட்டு ஆட்ட வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் மரியாதையாக நீட்டிக்கொண்டே இருந்தேன். ஊற்றிக்கொண்டிருந்த பெரியவரின் பேரனுக்குப் பத்து வயதிருக்கும். சிரிப்பை அடக்க முடியாமல் வெறுங்கையை ஆட்டிக் காட்டினான்.

ஓமானில் நிஸ்வா. மஸ்கட்டிலிருந்து உள்நாட்டுக்குள் சுமார் 160 கிலோமீட்டர். எல்லாரையும் போல நானும் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை பார்க்கத்தான் போனேன். நடுவில் ஒரு மேடை. அதைச் சுற்றி ஆட்டைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டே விலை கூவுகிறார்கள். வாங்குகிறவர் காதைத் திருப்பிப் பார்க்கிறார், பல்லைப் பார்க்கிறார். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள், இங்கே எல்லாம் வெட்டவெளிச்சம். கேமராவும் கையுமாய் நின்ற எங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவனுக்கு என்ன மரியாதை?

எங்கள் தெருவில் இருபது வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஓர் அரபி வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தேன் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேம்பிலிருந்து வேலை, வேலையிலிருந்து கேம்ப். கடைக்குப் போனால் மலையாளி, ஓட்டலுக்குப் போனால் வங்காளி. டாக்சி ஓட்டுவது மட்டும் ஓமானியருக்கென்று ஒதுக்கிய வேலை, அதனால் டாக்சியில் ஏறினால்தான் அந்த நாட்டுக்காரர் கிடைப்பார். நான் ஏறிய முதல் டாக்சியில் எடுத்த எடுப்பில் போகவேண்டிய இடத்தைச் சொன்னேன். ஓட்டுநர் அதைக் காதில் வாங்காதது போல சலாம் சொன்னார், நலமா என்றார், வீட்டில் நலமா என்றார், பிறகு ‘உலூம்?’ என்றார். என்ன சேதி என்று கேட்கிறார். நல்ல சேதி என்று சொன்ன பிறகுதான் கியரைப் போட்டார்.

சந்தை கலைந்ததும் ஃபலஜ் தாரிஸ் கால்வாயோரமாக நடந்தேன். ஃபலஜ் என்பது மலையடியில் தோண்டிய ஊற்றுநீரைச் சரிவிலேயே ஓடவிட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் பழைய ஏற்பாடு. பம்பு கிடையாது. ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, அதில் இது ஒன்று. ஒரு பெரியவர் வாய்க்காலில் சிக்கிய ஈச்சமட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். ‘தஃபத்தல்’ என்று மரத்தடிப் பாயைக் காட்டினார்.

ஹிந்தியில் தொடங்கினார். கடை கண்ணியில் கற்ற ஹிந்தி, சரளமாகவே இருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். இந்தியாக்காரனுக்கு ஹிந்தி தெரியாதா என்று அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அந்த அரசியலையெல்லாம் சைகையில் விளக்க முடியுமா? எனக்குத் தெரிந்த அரபு முப்பது வார்த்தை. ஆனால் தெரியாமலே தெரிந்த வார்த்தைகள் வேறு இருந்தன. கடையில் மீதிச் சில்லறை ‘பாக்கி’. அவர்கள் ரியாலில் ஆயிரத்தில் ஒன்று ‘பைசா’. 1970 வரை இந்தியா அச்சிட்ட வளைகுடா ரூபாய் அங்கே செல்லுபடியானது. தோட்டத்தைக் காட்டி அவர் ‘மஹ்சூல்’ என்றபோது எனக்கு மகசூல் என்று விளங்கிவிட்டது. தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர் ‘வகீல்’ என்றபோதுதான் குழம்பினேன். வாய்க்காலுக்கு எதற்கு வக்கீல்? பிறகு புரிந்தது, நம் மடைக்குடும்பரைத்தான் சொல்கிறார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறைத்தண்ணீர் உண்டு. பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் வைத்து அளந்தார்களாம். ‘அதர்’ என்பது ஏறக்குறைய அரை மணி. இப்போது அவர் கையில் கடிகாரம் இருந்தது.

மண்ணில் குச்சியால் கோடு போட்டு, இத்தனை அதர் என்று அவர் காட்டியபோது அம்மாவின் நினைவு வந்தது. தாத்தா இராத்திரி முறைக்கு அரிக்கேன் விளக்கோடு போவாராம். மடையைத் திறக்க ஒரு நாழி தாமதமானாலும் சண்டை என்பாள். பேச்சை மாற்ற நினைத்துத் தட்டில் இருந்த பழத்தைத் தொட்டு ‘தமர்’ என்றேன். அவர் உடனே என்னைச் சுட்டி ‘தமர் ஹிந்தி’ என்றார். இந்தியப் பேரீச்சை, அதாவது புளி. அம்மா ஒவ்வொரு மாசியிலும் கொட்டையெடுத்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைத்து வைப்பாள். அந்த வருடப் பானை வீட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அவர் மறுபடி ‘உலூம்?’ என்றார். முதலில் நல்ல சேதி என்றுதான் சொன்னேன், அதுதான் வழக்கம். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘உம்மீ மாதத்’ என்றேன். அம்மா இறந்துவிட்டாள். இலக்கணம் சரியா என்று தெரியாது. ஊரைவிட்டுக் கிளம்பி வந்ததே அதனால்தான் என்பதை அதுவரை கூட வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ‘அல்லாஹ் யர்ஹம்ஹா’ என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பேரன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

கற்றுக்கொண்டபடி ஃபின்ஜானை ஆட்டினேன். பெரியவர் அதைக் கையில் வாங்கி, மறுபடி ஊற்றி நீட்டினார். நான் ஆட்டியதைப் பார்க்கவில்லையா, பார்த்தும் ஊற்றினாரா?

அதற்குள் மேலே யாரோ குரல் கொடுத்தார்கள். அவர் முறை வந்துவிட்டது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பேரன் முன்னால் ஓடி மடையில் அடைத்திருந்த துணியையும் கல்லையும் எடுத்தான். ஈச்சமரப் பாத்திக்குள் தண்ணீர் திரும்பிற்று. காப்பி ஆறுவதற்குள் குடித்தேன்.