பதினாறு வயதில் விலை பேசும் ஊர்

டொமினிக்கன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்து கிழக்கே கிளம்பும் பேருந்தில் வலதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் யோகம்தான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் நெடுந்தூரம் கரீபியன் கடல் கூடவே வரும். இகுவாமோ ஆற்றின் மேல் பெரிய பாலத்தைத் தாண்டினால், சான் பெட்ரோ தெ மக்கோரிஸ்.

சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம். வெள்ளை நிறத் தேவாலயம், காற்று வாங்கக் கடலோர நடைபாதை, சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். பார்வைக்குக் கரீபியன் ஊர்களில் இதுவும் ஒன்று. ஆனால், அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆடிய நூறு பேருக்கு மேல் பிறந்தது இந்த ஊரில்தான்.

காரணம் தேடி எங்கும் அலைய வேண்டாம். எந்தத் தெருவில் திரும்பினாலும் துடைப்பக் கம்பும் கையுமாக நாலு பையன்கள் நிற்பார்கள். பெரிய தண்ணீர் கேனின் பிளாஸ்டிக் மூடிதான் பந்து. அதைச் சுழற்றி எறிந்தால் காற்றில் வளைந்து நெளிந்து வரும். மெல்லிய கம்பால் அதை அடிக்க வேண்டும். இதற்கு 'விட்டிலா' என்று பெயர். இந்த மூடியை அடிக்கத் தெரிந்தவனுக்கு நிஜப் பந்து பூசணிக்காய் மாதிரி பெரிதாகத் தெரியும்!

கரும்பு கொண்டுவந்த ஆட்டம்

1868-ல் கியூபாவில் சுதந்திரப் போர் மூண்டபோது, பலர் இந்த நாட்டுக்குத் தப்பி வந்தார்கள். அவர்களோடு வந்தவை இரண்டு. ஒன்று சர்க்கரைத் தொழில், இன்னொன்று பேஸ்பால். 1870களில் சான் பெட்ரோவைச் சுற்றிச் சர்க்கரை ஆலைகள் எழத் தொடங்கின.

ஆலை வேலைக்கு ஆள் போதாமல், செயின்ட் கிட்ஸ், நெவிஸ், ஆன்டிகுவா போன்ற ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு 'கோகோலோ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்று கேலியாகச் சொன்ன பெயரை இன்று அவர்களின் பேரன் பேத்திகள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் கையோடு கொண்டுவந்த விளையாட்டு, கிரிக்கெட்!

அரவை முடிந்தபின் வேலையில்லாமல் கிடக்கும் மாதங்களை இங்கே 'செத்த காலம்' என்பார்கள். அந்த மாதங்களில் ஆலை மைதானங்களில் முதலில் கிரிக்கெட் நடந்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பேஸ்பாலுக்கு மாறினார்கள். கான்சுவேலோ ஆலைக் குடியிருப்பில் வளர்ந்த ரிக்கோ கார்ட்டி 1970-ல் அமெரிக்காவின் நேஷனல் லீக்கில் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தார்.

அவர் வெளிநாடு போன கதை இன்றும் பேசப்படுகிறது. 1959-ல் சிகாகோவில் பான் அமெரிக்கன் விளையாட்டுகள் நடந்தன. அங்கே கார்ட்டியின் ஆட்டத்தைப் பார்த்துப் பல அணிகள் காகிதத்தை நீட்டின. ஆங்கிலம் தெரியாத இளைஞர் யாரிடமும் மறுக்காமல் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒரே ஆள், பல ஒப்பந்தங்கள்! சிக்கலைத் தீர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆடத் தெரிவது ஒரு வித்தை, தொழிலாக ஆடத் தெரிவது வேறு வித்தை என்று ஊருக்குப் புரிந்த முதல் பாடம் அது.

'புஸ்கோன்' வருகிறார்

விட்டிலா ஆடும் பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது, அந்தத் தெருவுக்கு ஒருவர் வருவார். ஸ்பானிஷ் மொழியில் 'புஸ்கோன்' என்று பெயர். தேடிக் கண்டுபிடிப்பவர் என்று பொருள் கொள்ளலாம். பயிற்சியாளர், தரகர், சில வீடுகளில் அப்பா ஸ்தானம் எல்லாம் அவர்தான். பையனுக்குக் கிளவுஸ் வாங்கித் தருவார், சாப்பாடு போடுவார், காலை முதல் மாலை வரை பயிற்சி கொடுப்பார். பையனை ஓர் அணி எடுத்தால், கிடைக்கும் பணத்தில் சுமார் முப்பது சதவீதம் வரை அவருக்கு.

இவர்களில் தங்கமானவர்களும் உண்டு, ஏமாற்றுபவர்களும் உண்டு. ஆனால் யாரிடம் சேர்ந்தாலும் பெரும்பாலும் முதலில் அடிபடுவது பள்ளிக்கூடம். நாள் முழுக்கப் பயிற்சி என்றால் படிப்புக்கு நேரம் ஏது? பதிமூன்று வயதில் புத்தகப் பையைத் தூக்கி வைத்தவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

விதிப்படி 16 வயதில்தான் ஒப்பந்தம் போட முடியும். முன்பு ஜூலை 2, இப்போது ஜனவரி 15. இந்த நாட்டில் அந்தத் தேதிக்குத் திருவிழா மதிப்பு. ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பன்னிரண்டு பதிமூன்று வயதில், வாய்ப்பேச்சாக விலை முடிந்துவிடுவதும் உண்டு. வாய்ப்பேச்சுக்குக் காகிதம் கிடையாது. பையனின் தோள்பட்டை வலித்தால், எதிர்பார்த்த உயரம் வளராவிட்டால், அணி மனம் மாறிவிடும். வீட்டில் அந்தப் பணத்தை நம்பிக் கடன் வாங்கியிருப்பார்கள்.

வயது கூடக்கூட விலை குறையும். அதனால், பிறப்புச் சான்றிதழில் விளையாடியவர்களும் உண்டு. ஃபாஸ்டோ கார்மோனா என்ற பெயரில் கிளீவ்லாண்ட் அணிக்குப் பல ஆண்டுகள் பந்து வீசியவர், 2012-ல் சாண்டோ டொமிங்கோவில் கைதானார். நிஜப் பெயர் ராபர்ட்டோ ஹெர்னாண்டஸ், நிஜ வயது மூன்று கூடுதல். சீக்கிரம் தசை ஏற வேண்டும் என்று, இன்னதென்று தெரியாத ஊசியைப் போட்டுக்கொண்டு சோதனையில் சிக்கும் பிள்ளைகளின் கதை இன்னொரு பக்கம்.

உயர்ந்த சுவருக்கு உள்ளே

மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் இந்த நாட்டில் பயிற்சி அகாடமி இருக்கிறது. போகா சிகா பக்கமாக வந்தால், உயர்ந்த வேலிக்குப் பின்னால் பச்சைப் பசேலென்ற மைதானங்களைப் பார்க்கலாம். ஒப்பந்தமான பையனுக்கு அங்கே சுத்தமான படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, டாக்டர், ஆங்கில வகுப்பு எல்லாம் உண்டு. வீட்டில் தம்பி தங்கைகளோடு ஒரே அறையில் படுத்தவனுக்கு அது தனி உலகம்.

ஊர் அவனை ஜெயித்தவனாகப் பார்க்கிறது. பணம் வந்ததும் பலரும் முதலில் செய்வது அம்மாவுக்கு வீடு. ஆனால், உண்மையான வடிகட்டல் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது.

கணக்கு எளிது. ஓர் அணியின் முதன்மைப் பட்டியலில் 26 பேர். 30 அணிகளுக்குமாக 780 இடங்கள். அவற்றில் டொமினிக்கன் வீரர்கள் சுமார் நூறு பேர். அந்த நூறு பேரில் பலர் அடுத்த ஆண்டும் இருப்பார்கள். இந்த நாட்டில் ஆண்டுதோறும் புதிதாக ஒப்பந்தமாகும் பையன்களோ பல நூறு பேர். ஏறிப் போகும் படிக்கட்டும் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் மேஜர் அணிகளோடு இணைந்த மைனர் லீக் அணிகள் 160 இருந்தன. 2021-ல் அவை 120 ஆகக் குறைக்கப்பட்டன.

உள்ளூர்க் கோடை லீக்கில் தேறியவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் விமானம் ஏறுகிறார்கள். அங்கே அவர்களைத் திணறடிப்பது வேகமான பந்து மட்டும் இல்லை. ஏப்ரல் மாதத்துக் குளிர். பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று பாதிதான் புரிவது. ஹோட்டலில் மெனு கார்டைப் படிக்கத் தெரியாமல் தினமும் ஒரே சாப்பாட்டைக் கேட்பது. ராத்திரி போனில் அம்மாவிடம், "நல்லா இருக்கேன்மா" என்று மட்டும் சொல்வது. ஊரில் நட்சத்திரமாக இருந்தவன், இங்கே தன்னைப் போல் முப்பது பேரில் ஒருவன்.

2008-ல் வெளியான 'சுகர்' என்ற அமெரிக்கத் திரைப்படம் இதைத்தான் காட்டியது. சான் பெட்ரோவிலிருந்து அயோவா மாநிலத்துக்குப் போகும் ஒரு பிட்சரின் கதை. நாயகனாக நடித்த அல்ஹெனிஸ் பெரெஸ் சோட்டோவும் இதே ஊர்க்காரர்.

3,500 டாலரும் 34 கோடி டாலரும்

ஷூ பாலிஷ் போட்டு வீட்டுக்கு உதவிய சிறுவன் சாமி சோசா, 1985-ல் கையெழுத்துப் போட்டது வெறும் 3,500 டாலருக்கு. அதில் தனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு மீதியை அம்மாவிடம் கொடுத்தார். 1998-ல் ஒரே சீசனில் 66 ஹோம் ரன் அடித்தார்.

1999-ல் இங்கே பிறந்த ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர், 2021-ல் சான் டியேகோ அணியோடு 14 ஆண்டுகளுக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அவருடைய அப்பாவும் மேஜர் லீக் வீரர். ராபின்சன் கனோவின் அப்பாவும் அப்படியே. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், முதல் தோல்வியில் எப்படித் தூங்குவது என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தார்கள். ரிக்கோ கார்ட்டிக்கு அப்படி யாரும் இல்லை. இன்றும் பெரும்பாலான பையன்களுக்கு இல்லை.

திரும்பி வருகிறவர்கள்

வருடா வருடம் சில நாட்களில், அகாடமி அலுவலகத்துக்குச் சில பையன்கள் அழைக்கப்படுவார்கள். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒப்பந்தமாகும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் மேஜர் லீக்கைத் தொடாமலே இப்படித்தான் திரும்புகிறார்கள்.

அவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாட்டிலேயே சிறந்தவர்களில் ஒருவன் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தானே? ஆனால், இருபது வயதில் கையில் எட்டாம் வகுப்புப் படிப்பு. ஊரில் யார் முகத்தையும் பார்க்கக் கூச்சம். சிலர் பைக் டாக்ஸி ஓட்டுகிறார்கள். சிலர் ஏற்றுமதித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். சிலர் தாங்களே புஸ்கோன் ஆகி, அடுத்த பத்து வயதுப் பையனைத் தேடித் தெருவுக்கு வருகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1970-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்றும் இதே ஊரில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் கடல் தாண்டி வந்து அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். உள்ளூர்ப் பையன் அதன் வாசல் வழியாக மைதானத்துக்குப் போகிறான்.

ஒரு நல்ல மாற்றமும் தெரிகிறது. பல அகாடமிகள் இப்போது பயிற்சியோடு பள்ளிப் படிப்பையும் சேர்த்திருக்கின்றன. விட்ட இடத்திலிருந்து படித்து, பட்டமளிப்பு அங்கி போட்டு, சான்றிதழோடு நிற்கும் வீரர்கள் இருக்கிறார்கள். பந்து கைவிட்டாலும் அந்தக் காகிதம் கைவிடாது.

போகிறவர்களுக்கு

அக்டோபர் முதல் ஜனவரி வரை உள்ளூர் லீக் சீசன். டெட்டெலோ வர்காஸ் மைதானத்தில் ராத்திரி ஆட்டம் பார்க்கலாம். 'எஸ்ட்ரெயாஸ் ஓரியன்டலெஸ்' என்பது சொந்த ஊர் அணி. 51 ஆண்டுகள் காத்திருந்து 2019-ல் கோப்பை வென்ற அணி என்பதால், தோற்றாலும் ரசிகர்கள் கைவிடுவதில்லை. புத்தாண்டு அன்று போனால், கண்ணாடித் துண்டுகளும் மயிலிறகும் பளபளக்கக் கோகோலோக்கள் ஆடும் தெருக்கூத்தைப் பார்க்கலாம். 2005-ல் யுனெஸ்கோ அங்கீகரித்த கலை அது. பசித்தால் 'யானிகேகே' வாங்கிக் கொள்ளலாம். எண்ணெயில் பொரித்த மொறுமொறு ரொட்டி.

பகலில் தெருவில் விட்டிலா ஆட்டம் கண்ணில் பட்டால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யாராவது ஒரு பையன் ஓடிவந்து, தான் அடித்ததைப் பார்த்தீர்களா என்று கேட்பான். கை தட்டுங்கள். அப்படியே, எந்த வகுப்பில் படிக்கிறாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஊரில் அவனிடம் அதைக் கேட்கிறவர்கள் குறைவு.