கலயமும் குழாயும்

பாத்திரம் கழுவுவதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறதென்று அன்பர்கள் நகைக்கக் கூடும். தோட்டத்துக் கிராணி உத்தியோகம் பார்த்துக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கும் எனக்கும், சென்ற தீபாவளி வரையில், அதே அபிப்பிராயந்தான் இருந்தது.

குழந்தைகள் கடையில் வாங்கிக் குடிக்கும் வர்ணச் சோடாவுக்குப் பதிலாக வீட்டிலேயே இஞ்சிப் பானம் புளிக்க வைக்கலாமென்று தொடங்கினேன். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, சிறிது ஈஸ்ட். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. பானத்தைப் புட்டிகளில் இறக்க ஒரு ரப்பர்க் குழாய். எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டு அலம்பினேன். மூன்றாம் நாள் மேலே வெள்ளை ஆடை படர்ந்து காடி நாற்றம் வீசிற்று. மறுமுறையும் அவ்வாறே ஆயிற்று.

அதுவரையில் என் தாயார் அந்த வாளியின் பக்கமே வரவில்லை. காரணம் நானறிவேன். என் தந்தையார் சம்சுவுக்கு அடிமையாகி, எனக்குப் பதினான்கு வயதில் மறைந்தவர். புளிப்பு நாற்றம் எங்கே எழுந்தாலும் தாயார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று என்ன நினைத்தாரோ, பின்கட்டுக்கு வந்தார்; குழாயை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

“தம்பி, இதைக் கழுவினாயா, நனைத்தாயா?”

குழாயின் உட்புறம் நெடுகப் பழுப்பு நிறத்தில் நூல் போல ஒரு கசடு ஒட்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்ட காலத்து மாணாக்கன் நான். 1856 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லீல் நகரில், பீட்ரூட் சாராயத் தொட்டிகள் கெடுவதேன் என்று பாஸ்டர் ஆராய்ந்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட்டையும், கெட்ட தொட்டியில் நீண்ட வடிவமுள்ள கிருமிகளையும் பூதக்கண்ணாடியில் கண்டார். இதையெல்லாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க மாத்திரம் எனக்குத் தோன்றவில்லை!

தாயாருக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? அவருடைய தகப்பனார் தோட்டத்தில் தென்னை மரம் சீவியவர். காலையும் மாலையும் மரம் ஏறுவார். கள்ளுக்கு வைக்கும் கலயத்தை யாரும் துலக்குவதில்லை; கள்ளைக் கொட்டிவிட்டு மறுபடியும் கட்டிவிடுவார்கள். அடியில் தங்கிய மண்டிதான் மறுநாள் கள்ளுக்கு வித்து. பதநீருக்கோ, அதே மரம், அதே பாளை, அதே ஆள். ஆனால் கலயம் வேறு. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, உள்ளே சுண்ணாம்பு தடவி ஏற்றவேண்டும். சுண்ணாம்பின் காரம் கிருமியைத் தலையெடுக்க விடாது. அந்தத் தேய்க்கும் வேலை சிறுமியாயிருந்த என் தாயாருடையது. “நான் ஒரு நாள் சோம்பினால், பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகவேண்டிய பதநீர் கள்ளாகிவிடும், தாத்தா அடிப்பார்” என்றார்.

அன்று மாலை நானும் முறையாகப் படித்தேன். அழுக்குப் போக்குவது ஒரு வேலை. கிருமி ஒழிப்பது மற்றொரு வேலை. முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்வது வீண். கசடு இருந்தால் குளோரின் கசடோடு போராடியே தீர்ந்துபோகும். கிருமி அதனடியில் சுகமாய் இருக்கும். ஆகவே முதலில் வெந்நீரும் சவர்க்காரமும். பிறகு 4 லிட்டர் தண்ணீருக்கு மணமில்லாத குளோராக்ஸ் ஒரு மேசைக்கரண்டி கலந்து 20 நிமிஷம் ஊறவைத்தல். இறுதியில் கொதித்து ஆறிய நீரால் அலசுதல். காடியையும் குளோராக்ஸையும் ஒன்றாய்க் கலந்தால் நச்சு வாயு எழும். பிளாஸ்டிக்கைக் கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும். கீறல்தான் கிருமிக்கு லயம். பழைய குழாயைத் துலக்கிப் பயனில்லை, எறிந்துவிட்டேன்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் தாயார் கேட்டார்: “எல்லாம் சரி ஐயா. புளித்தால் போதை உண்டா, இல்லையா?”

உண்டு, கொஞ்சம், நாளாக ஆகக் கூடும். வீட்டில் அதை அளந்து பார்க்க என்னிடம் கருவியில்லை. சுத்தத்தைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்த வாய் அடைத்துப்போயிற்று.

நம்மவர் சரித்திரத்தில் இது சிறு கேள்வியன்று. 1921 இல் மதுவிலக்குக்காகத் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார் 1929 இல் இம்மலாயாவுக்கு வந்தார். 1947 இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். பீடோங் வட்டாரத்து ஹார்வார்டு தோட்டத்தில் அது போலீசாருடன் மோதலாக முடிந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அவ்விஷம் கழுவாத பானையில் பிறந்ததன்று; மனிதன் கையால் ஊற்றியது. எத்தனை குளோராக்ஸ் இருந்தென்ன?

ஈஸ்ட்டை விட்டுவிட்டேன். இப்போது இஞ்சியைச் சர்க்கரையோடு காய்ச்சி, புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறோம். கழுவும் வேலை குறையவில்லை; இந்த ஜொகூர் வெக்கையில் அசுத்தமான புட்டியில் பாகு தானாகவே புளித்துவிடும். முன்பு புளிப்பதற்காகக் கழுவினேன். இன்று புளியாதிருக்கக் கழுவுகிறேன். தாத்தாவின் இரண்டாவது கலயம் இதுதான் போலும்.

பொங்கலன்று ஒரு டம்ளர் ஊற்றித் தாயாரிடம் நீட்டினேன். முதலில் முகர்ந்தார். பிறகு புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பின்னரே குடித்தார். “இன்னும் கொஞ்சம் ஊற்று” என்றார்.