ஐம்பதுக்கு எத்தனை பாஸ்?

உங்களை யாராவது ஒரு பாட்டில் பியருக்கு மார்க் போடச் சொன்னால் என்ன செய்வீர்கள்? 'அட, இதுக்கெல்லாமா எக்ஸாம் வைப்பாங்க?' என்று சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். அந்த எக்ஸாமில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட கதைதான் இது.

லண்டனில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். மேற்குப் பக்கம் ஹவுன்ஸ்லோவில் ஒரு மாடி ரூம். கீழே ஹவுஸ் ஓனர். ரிட்டயர்டு பஸ் டிரைவர், எழுபத்தைந்து வயசுத் தாத்தா. மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஒரே ஒரு பாட்டில் திறப்பார். அரை லிட்டர். அவர், என் ரூம் மேட், நான்... மூணு கிளாஸ். கூடவே ஆளுக்கு ஒரு பேப்பர், ஒரு பென்சில்! தோற்றத்துக்கு 5, வாசனைக்கு 10, ருசிக்கு 10, வாயில் எப்படி உட்காருகிறது என்பதற்கு 5, ஒட்டுமொத்தமாக 20. ஆக 50. யாரும் யார் பேப்பரையும் எட்டிப் பார்க்கக்கூடாது.

(முறைக்காதீங்க. நம்ம ஊர்ல 21 வயசு ஆகணும், இங்கே 18. எனக்கு 24.)

அன்றைக்கு பாட்டில், ஃபுல்லர்ஸ் இ.எஸ்.பி. விரித்தால் 'எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்'. கசப்பு என்று பேரிலேயே உண்மையைச் சொல்லி விற்கிற சரக்கு உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. இங்கிலாந்தில் சாதா பிட்டர் என்றால் 4 சதவிகிதம் ஆல்கஹால் பக்கம் நிற்கும். ஸ்ட்ராங் பிட்டர் 5-ஐத் தாண்டும். இ.எஸ்.பி. பாட்டிலில் 5.9, பப்பில் பீப்பாயிலிருந்து இறக்கினால் 5.5. இந்தப் பேரில் வந்தது 1971-ல். ஊர், தேம்ஸ் கரையில் இருக்கிற சிஸ்விக். எங்க வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். பிரிட்டனின் சாம்பியன் பியர் பட்டத்தை 1978, 1981, 1985 என்று மூணு தடவை தட்டியிருக்கிறது. 2019-ல் அந்த ப்ரூவரியை ஜப்பானின் அசாஹி வாங்கிவிட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவின் வால்யூம் குறையும்.

இப்போ நம்ம திருட்டுத்தனத்துக்கு வருவோம்.

வியாழக்கிழமையே பாட்டில் கிச்சன் அலமாரியில் இருந்தது. பேரைப் பார்த்தேன், போனில் தேடினேன். 'மார்மலேட், டாஃபி, பிஸ்கட்' என்று பெரிய ஆட்கள் எழுதியிருந்தார்கள். மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். போதாக்குறைக்கு, உதவி செய்கிற நினைப்பில் பாட்டிலை ஃபிரிட்ஜில் வேறு தள்ளினேன். பியர்னா ஜில்லுனு இருக்கணும்ல?

வெள்ளிக்கிழமை ஒரு வாய் வைத்தேன். ஜில். அப்புறம் கசப்பு. வேற ஒண்ணும் இல்லை. இருந்தாலும் சும்மா விடுவோமா? 'மார்மலேட் நறுமணம், டாஃபி இனிப்பு' என்று எழுதி, 50-க்கு 45 போட்டு, பந்தாவாக பேப்பரை நீட்டினேன்.

தாத்தா படித்தார். "மார்மலேட் உனக்கு எங்கே தெரிஞ்சது? வாயில் வச்ச உடனேயா, முழுங்கின அப்புறமா?" என்று ஆசையாகத்தான் கேட்டார். நான் முழித்தேன். ஏனென்றால் மார்மலேடை நான் ஜென்மத்தில் சாப்பிட்டதே இல்லை!

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்துபோய் ஒரு ஜாடியும் ஸ்பூனும் கொண்டுவந்து வைத்தார். பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் காலியாக இருப்பதைக் காட்டினார். "கிளாஸ் அப்படியே இருக்கட்டும். இருபது நிமிஷம் கழிச்சு எழுது." அவ்வளவுதான்.

இருபது நிமிஷம்! கையில் கிளாஸை வைத்துக்கொண்டு ஒருத்தன் காத்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்க தெரு ஒயின்ஷாப் வாசலில் பார்த்ததெல்லாம் வேற. நின்றபடியே ஒரே மூச்சு, ஒரு முகச்சுளிப்பு, நாக்கில் ஒரு விரல் ஊறுகாய். எங்க சித்தப்பா அப்படித்தான். நாற்பத்தொரு வயசில் போய்ச் சேர்ந்தார். என்ன ருசி சித்தப்பான்னு கேட்டிருந்தா, பாவம், அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தாத்தாவோ கணக்குப்பிள்ளை. முழு பாட்டிலே கிட்டத்தட்ட 3 யூனிட், வாரத்துக்கு 14-ஐத் தாண்டாதே என்பது இங்கே அரசாங்க டாக்டர்கள் சொல்லும் அளவு. அவர் பங்கு ஒரு யூனிட். அதை காலண்டரில் குறித்தும் வைப்பார்.

ஜில்லு போனதும் நடந்ததுதான் ஆச்சரியம். யோசித்துப் பாருங்க, ஃபிரிட்ஜில் வைத்த ரசத்தில் பெருங்காய வாசனை வருமா? அதே கதைதான். குளிரில் வாசனை மேலே எழும்பாது, கசப்பு மட்டும் மிஞ்சும். இந்த வகைக்கு 12 டிகிரி பக்கம் சரி.

நிறம், புளி போட்டுத் தேய்த்த செம்புச் சொம்பு. மேலே மெல்லிசாக, லேசான பழுப்பு நுரை. லாகர் மாதிரி கேஸ் மூக்கில் ஏறவில்லை. முதலில் வறுத்த பார்லியின் இனிப்பு, கடலை மிட்டாய் பாகு கொஞ்சம் கருகினால் வருமே, அது. அடுத்து வந்த வாசனையில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நார்த்தங்காய்! எங்க அம்மா உப்பு போட்டு வெயிலில் காயவைக்கும் அதே நார்த்தங்காய்த் தோல். ஸ்பூனில் மார்மலேடை எடுத்து நக்கினேன். கசப்பு ஆரஞ்சைத் தோலோடு சர்க்கரைப் பாகில் காய்ச்சியது. அடப்பாவிகளா, நம்ம நார்த்தங்காயோட சொந்தக்காரன்!

இந்த ஆரஞ்சு வாசனைக்கு அந்த ப்ரூவரியின் ஈஸ்ட் முக்கியக் காரணமாம். கசப்பு, ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைக் கொதிக்கவைப்பதால் வருவது. முழுங்கின பிறகும் சுண்டைக்காய் வத்தல் மாதிரி அடிநாக்கில் நிற்கிறது. பாட்டில் ஏன் பிரவுன் கலர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சமாசாரம் கெட்டு, ஸ்கங்க் என்கிற பிராணியின் நாற்றம் வந்துவிடும். அழகுக்காக வெள்ளை பாட்டிலில் அடைப்பவர்களைத் தாத்தாவுக்குப் பிடிக்காது.

குறையும் இருந்தது. பாதிக்கு மேல் இனிப்பு கொஞ்சம் திகட்டுகிறது. தொண்டையில் லேசாகச் சூடு. பேப்பரின் பின்பக்கம் எழுதினேன்: தோற்றம் 4, வாசனை 7, ருசி 8, வாய் 4, ஒட்டுமொத்தம் 15. ஆக 38. தாத்தாவின் 44-ஐவிட ஆறு கம்மி. அவர் பியரை, அவர் வீட்டிலேயே உட்கார்ந்து குறைத்துவிட்டோமே என்று கை நடுங்கியது. மனுஷன் 38-ஐப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு வேற சந்தேகம். "இந்த நார்த்தங்காய்னா என்ன?"

மாடிக்கு ஓடிப்போய், அம்மா சூட்கேஸில் திணித்து அனுப்பின பாக்கெட்டைக் கொண்டுவந்தேன். தாத்தா ஒரு துண்டு எடுத்தார். நான் தடுப்பதற்குள், டோஸ்ட்டில் வெண்ணெய் தடவி, அதன் மேல் வைத்து, ஒரு கடி!

கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார். அப்புறம் பென்சில் கேட்டார். 50-க்கு எத்தனை போட்டார் என்பதை மட்டும் இன்னும் காட்டவில்லை. ஆனால் நேற்று பார்த்தேன், பாக்கெட்டில் ரெண்டு துண்டு குறைகிறது.