83 குதிரையிலிருந்து 400 குதிரைக்கு... மகனின் மஸ்டாங்கும் அப்பாவின் அம்பாசிடர் பாடமும்!

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் குடும்பம் அது. மகனுக்கு 25 வயது. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடமும் ஓட்டியது வீட்டிலிருந்த ஸ்விஃப்ட்தான். போன வருடம் சேமிப்போடு கடனும் சேர்த்து, சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி!

தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அம்மா டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். "மைலேஜ் எவ்வளவு?", "எவ்வளவு வேகம் போகும்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பா மட்டும் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டு, "இது பின்வீல் வண்டியா கண்ணு?" என்றார். மகன் "ஆமாங்கப்பா" என்று சிரித்தபடி நகர்ந்துவிட்டார். அந்தக் கேள்வியின் கனம் அப்போது அவருக்குப் புரியவில்லை.

இழுக்கும் காரும் தள்ளும் காரும்

ஸ்விஃப்ட் 83 குதிரைத்திறன் கொண்டது. இழுவிசை 113 நியூட்டன் மீட்டர். 2016-ல் இந்தியாவில் அறிமுகமான மஸ்டாங் ஜி.டி-யில் 5 லிட்டர் வி8 இன்ஜின், சுமார் 400 குதிரைத்திறன், 515 நியூட்டன் மீட்டர் இழுவிசை. காரின் எடையும் ஸ்விஃப்ட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால், பெரிய வித்தியாசம் இந்த எண்களில் இல்லை. இன்ஜினின் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

ஸ்விஃப்ட் முன்சக்கர இழுவை கார். மாடு முன்னால் நின்று வண்டியை இழுப்பதுபோல. வளைவில் வேகம் அதிகமானால் கார் திரும்ப மறுத்து, வெளிப்பக்கமாக நேராகப் போகப் பார்க்கும். பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலும் கார் சொன்ன பேச்சு கேட்கும். பயமே அங்கே பாதி வைத்தியம்.

மஸ்டாங் பின்சக்கர இழுவை. தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதுபோல. வளைவில் ஆக்ஸிலரேட்டரை அதிகமாக மிதித்தால் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழந்து, காரின் வால் வெளியே விலகும். அப்போது பயந்துபோய் காலை வெடுக்கென்று எடுத்தால், காரின் எடை சட்டென்று முன்பக்கம் சாய்கிறது. பின்பக்கம் இன்னும் லேசாகிறது. வால் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. ஸ்விஃப்ட்டில் காப்பாற்றிய அதே பழக்கம், இங்கே ஆளைக் கவிழ்க்கிறது.

மழை பெய்த மாலை

ஐப்பசியின் முதல் மழை. தங்கையை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தார். பல நாள் தூசியும் எண்ணெயும் தூறலில் கரைந்து சாலையில் வழுக்கும் நேரம் அது. ஒரு சந்திப்பில் வலதுபக்கம் திரும்பும்போது, எதிரில் வரும் பஸ்ஸுக்கு முன்னால் போய்விடலாம் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். வேகம் 30 கிலோமீட்டர்கூட இருக்காது.

பின்பக்கம் விலகியது. மூன்று வருடப் பழக்கத்தில் கால் தானாக மேலே வந்தது. கார் இன்னும் சுழன்றது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. எல்லாம் முடிந்தபோது மஸ்டாங் சாலையின் குறுக்கே நின்றிருந்தது. இரண்டடி தள்ளி டி.வி.எஸ் எக்ஸ்.எல்-லில் ஒரு பெரியவர். முன்னால், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பெரியவர் திட்டவும் இல்லை. அந்தப் பார்வையைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை என்கிறார் மகன்.

அம்பாசிடரும் பின்வீல்தான்!

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. விஷயத்தைத் தங்கை சொல்லிவிட்டாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டறை ஆரம்பிப்பதற்கு முன், அவர் ஒரு மில் முதலாளியின் அம்பாசிடரை எட்டு வருடம் ஓட்டியவர்.

"அம்பாசிடரும் பின்வீல்தான் கண்ணு. மழை பேஞ்சா செம்மண் ரோட்டுல பின்னாடி இழுத்துட்டுப் போகும். காலை வெடுக்குன்னு எடுக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. போற பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் குடுத்து மெதுவா மீட்கோணும். எனக்கு அது பழகவே ரெண்டு மழைக்காலம் ஆச்சு. அதுக்கு இருந்தது அம்பது குதிரை. உனக்கு நானூறு."

இன்று சர்க்யூட்டில் சொல்லித்தரும் பாடமும் இதுதான். அம்பாசிடர் தலைமுறைக்குச் சாலையே இதைச் சொல்லிக்கொடுத்தது. சக்தி குறைவாக இருந்ததால் தவறுகளும் மெதுவாக நடந்தன. நடுவில் முன்சக்கர இழுவை கார்கள் வீடுகளை நிறைத்தன. அந்தப் பாடம் ஒரு தலைமுறைக்கு விட்டுப்போயிற்று.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளாதா?

அந்த மாலை மின்னிய மஞ்சள் விளக்குக்குப் பின்னால் இருந்தது எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். 1995-ல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் முதலில் வந்தது. கார் வழுக்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் போட்டு, இன்ஜின் சக்தியையும் குறைத்து காரை நேர்ப்படுத்த முயலும். ஆனால், டயருக்கும் சாலைக்கும் இடையே பிடிமானமே இல்லையென்றால் அதனால் எதுவும் செய்ய முடியாது. அது தினமும் அமைதியாகக் காப்பாற்றிக்கொண்டே இருப்பதால், எல்லை எங்கே இருக்கிறது என்பதும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் 2013-ல் கலிஃபோர்னியாவில் இறந்தது நினைவிருக்கும். ஓட்டியவர் அவரல்ல, கார் பந்தய அனுபவம் கொண்ட நண்பர். கார், பின்சக்கர இழுவை போர்ஷே கரேரா ஜி.டி. அதில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. 45 மைல் வேகம் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் 80 முதல் 93 மைல் வேகத்தில் போயிருக்கிறார்கள். டயர்களுக்கு ஒன்பது வயது. அனுபவசாலிக்கே அந்தக் கதி.

பழக ஓர் இடம் வேண்டும்

2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்தின் ரேஸ் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை எல்லோரும் பார்த்திருப்போம். அவர் காயமின்றி இறங்கி நடந்தார். ஹெல்மெட், உடலை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட், காருக்குள் இரும்புக் கூண்டு எல்லாம் இருந்தன. முக்கியமாக, அந்தத் தடத்தில் டி.வி.எஸ் எக்ஸ்.எல் இல்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே மோதி இரண்டு இளம் ஐ.டி ஊழியர்கள் இறந்தார்கள். அது பொதுச் சாலை.

கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மகன் இரண்டு மாதம் மஸ்டாங்கை ஷெட்டிலேயே நிறுத்திவிட்டு, பயிற்சியாளர் ஒருவரிடம் சேர்ந்தார். ஈரத்தரையில் வேண்டுமென்றே வழுக்கவிட்டு மீட்டார். முதல் நாள் பத்தில் எட்டு முறை கார் சுற்றி நின்றது. வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங், கால் மெதுவாக, கண் தடுப்பில் அல்ல போகவேண்டிய இடத்தில்... இது மூளையிலிருந்து காலுக்கு இறங்கப் பல வாரம் ஆனது.

உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். இன்னோவா கிரிஸ்டா, ஈக்கோ இரண்டுமே பின்சக்கர இழுவைதான். ஹேட்ச்பேக் ஓட்டிப் பழகியவர் மழையில் முதன்முறை இவற்றை எடுத்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது கிலோமீட்டரைப் பார்க்கும் நாம் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. மஸ்டாங்கின் பின் டயர்களும் ஏழு வருடப் பழசு என்பது அந்த மழைக்குப் பிறகுதான் மகனுக்குத் தெரிந்தது. முதல் வேலையாக அவற்றை மாற்றினார்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு விதிகள். மழை நாளில் ஸ்விஃப்ட். மஸ்டாங்கில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைப்பது சர்க்யூட்டில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகனும் மஸ்டாங்கில் பொள்ளாச்சி ரோட்டில் டீ குடிக்கப் போகிறார்கள். போகும்போது மகன் ஓட்டுகிறார். திரும்பும்போது, கேட்காமலேயே சாவி அப்பா கைக்குப் போய்விடுகிறது.