குழி ஒன்றுதான்... கோல் வேறு!

தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சுற்றி நடந்தால், அடித்தளக் கல் முழுக்க எழுத்து. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்கள், அவற்றின் நிலம், வர வேண்டிய நெல் என எல்லாம் அதில் கணக்காக இருக்கின்றன. வேலி, மா என்று தொடங்கி நுணுக்கமான பின்னம் வரை நிலத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று நிலம் அளந்தது கோலால். சோழர் கல்வெட்டுகளில் 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. அளவில் தகராறு வராமலிருக்க, சில கோயில்களில் கோலின் நீளத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

சாணுக்கு 9 அங்குலம் என்று வைத்தால் 12 சாண் 9 அடி. 16 சாண் 12 அடி. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள சதுரம்தான் ஒரு குழி. 9 அடிக் கோலுக்குக் குழி 81 சதுர அடி. 12 அடிக் கோலுக்கு 144 சதுர அடி.

தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் பேச்சு வழக்கில் இருப்பது இந்த 144 சதுர அடிக் குழிதான். 100 குழி ஒரு மா. அதாவது 14,400 சதுர அடி, 33 சென்ட். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். 20 மா ஒரு வேலி. 6 ஏக்கர் 61 சென்ட். நடவுக் கூலியும் குத்தகை நெல்லும் மாவுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகின்றன.

கும்பகோணம், மயிலாடுதுறை, சீர்காழி வழியாக வடக்கே போய், கொள்ளிடம் தாண்டி, சிதம்பரம், கடலூர் கடந்து, தென்பெண்ணையையும் தாண்டினால் புதுச்சேரியின் பாகூர். பெரிய ஏரி, ஏரிப் பாசனத்தில் நெல் வயல், மூலநாதர் கோயில். பார்க்க டெல்டா மாதிரியே இருக்கும். இங்கேயும் குழி என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது 24 அடிக் கோல் கணக்கு. ஒரு குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி; 57,600 சதுர அடி, 1 ஏக்கர் 32 சென்ட்.

கோல் நீளம் இரண்டு மடங்குதான். நிலமோ நான்கு மடங்கு! பாகூர்க்காரர் ஒருவர் சம்பந்தி ஊரான தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழியைத் தன் ஊர்க் கணக்கில் விலை பேசினால், 132 சென்ட்டுக்குப் பணம் கொடுத்து 33 சென்ட் வாங்குவார். தஞ்சாவூர்க்காரர் பாகூரில் 100 குழிக்கு என்று தன் ஊர்க் கணக்கில் விதையும் உரமும் எடுத்துப் போனால், கால் பங்கு வயலுக்குத்தான் வரும்.

ஆகவே வெளியூரில் நிலம் பேசும்போது 'எத்தனை குழி?' என்பதற்கு முன்னால், 'உங்க ஊர்ல எத்தனை அடிக் கோல்?' என்று கேட்க வேண்டும். கோல் அடியை அதே அடியால் பெருக்கினால் ஒரு குழி. அதைக் குழி எண்ணிக்கையால் பெருக்கி, 435.6ஆல் வகுத்தால் சென்ட். ஒரு ஏர் 2.47 சென்ட். இந்தக் கணக்கைப் பட்டாவில் உள்ள ஏரோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.